சேதாரம் எவ்வளவு? ஏற்றுமதி டி-ஷர்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் கிலோ கணக்கு

நகைக் கடையில் பில் போடும்போது எல்லோருடைய கண்ணும் ஒரே வரியில்தான் போய் நிற்கும். செய்கூலி, சேதாரம். "8 கிராம் செயினுக்கு 1 கிராம் சேதாரமா? அந்த ஒரு கிராம் எங்கே போச்சு?" என்று கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. கடைக்காரரும் சளைக்காமல் ஒரு பதில் வைத்திருப்பார்.

அதே கேள்வியை அரசாங்கம் ஏற்றுமதியாளர்களிடம் கேட்டால்? கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. என்ன, அங்கே பேரம் பேச முடியாது. "100 கிலோ துணியை வரி இல்லாமல் உள்ளே கொண்டு வந்தீர்கள். கப்பலில் போன சட்டைகளை எடை போட்டால் 82 கிலோதான் இருக்கிறது. மீதி 18 கிலோ எங்கே?" இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த 18 கிலோவுக்கான சுங்க வரியையும், அதற்கு வட்டியையும் கட்ட வேண்டியிருக்கும். கேள்வி வருவது பெரும்பாலும் சரக்கு போய், பணம் வந்து, அந்த ஆர்டரையே எல்லோரும் மறந்த பிறகு.

கேட்க சாதாரண கழித்தல் கணக்கு மாதிரி இருக்கும் இந்த விஷயத்தில் திருப்பூரில் இருந்து சீனாவின் டோங்குவான் வரை தொழில்கள் மாட்டிக்கொண்டு விழிப்பது ஏன்?

வரி இல்லாமல் உள்ளே, சட்டையாக வெளியே

ஏற்றுமதி செய்யும் பொருளோடு சேர்த்து வரியையும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது உலக வர்த்தகத்தில் எல்லா நாடுகளும் பிடித்துக்கொண்டிருக்கும் விதி. அமெரிக்காவில் விற்கப்போகும் சட்டைக்காக வெளிநாட்டில் இருந்து துணி இறக்குமதி செய்தால், அதன் மேல் இந்தியா வரி போட்டால் சட்டையின் விலை ஏறும். ஆர்டர் வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ போய்விடும். அதனால்தான் ஏற்றுமதிக்காகப் பதப்படுத்தவோ தைக்கவோ கொண்டுவரும் மூலப்பொருளுக்கு வரி விலக்கு.

இந்தியாவில் இதற்கான முக்கியமான வழி அட்வான்ஸ் ஆதரைசேஷன். பழைய ஆட்கள் இன்னும் 'அட்வான்ஸ் லைசென்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். கொடுப்பது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி. இந்த அனுமதியை வாங்கினால் 12 மாதத்துக்குள் மூலப்பொருளை வரியின்றி இறக்குமதி செய்யலாம். 18 மாதத்துக்குள் ஏற்றுமதியை முடித்துக் காட்ட வேண்டும். இறக்குமதி மதிப்பைவிட ஏற்றுமதி மதிப்பு பொதுவாக 15 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எவ்வளவு மூலப்பொருளுக்கு விலக்கு தருவது? சட்டைக்குள் போகும் துணி மட்டும்தான் என்றால் கட்டிங் டேபிளில் விழும் துண்டுகளுக்கு யார் வரி கட்டுவது? சரி, கேட்டதைக் கொடுப்போம் என்றால், 100 கிலோ தேவைப்படும் இடத்தில் 130 கிலோ என்று எழுதி வாங்கி, மிச்ச 30 கிலோவை உள்ளூரில் விற்றுவிடலாம். வரி கட்டி இறக்குமதி செய்பவர் அந்த விலையோடு எப்படிப் போட்டி போடுவார்?

விதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏற்றுமதிப் பொருளில் நேரடியாகச் சேரும் மூலப்பொருள், அதோடு 'வழக்கமான சேதாரம்'. இந்த 'வழக்கமான' என்ற ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடிக்கத்தான் இத்தனை படிவங்களும், கமிட்டிகளும், வழக்குகளும்.

ஒரு டி-ஷர்ட்டைப் பிரித்துப் பார்ப்போம்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. துணி, சாயம், டிசைன் மாறினால் இவையும் மாறும்.

10,000 டி-ஷர்ட் ஆர்டர். காட்டன் சிங்கிள் ஜெர்ஸி, 180 ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. வட்டமான ஒரு கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, தராசில் போட்டு, வரும் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். திருப்பூரில் எந்த செக்கிங் டேபிளிலும் அந்தக் கட்டரைப் பார்க்கலாம்.

தைத்து முடித்த ஒரு டி-ஷர்ட்டில் இருக்கும் துணி 170 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பீஸுக்கு 1,700 கிலோ. இது நிகரத் தேவை. இனிமேல் பின்னோக்கி நடக்க வேண்டும்.

கட்டிங். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் போட்டு வெட்டுகிறார்கள். உடம்புப் பகுதிக்கும் கைக்கும் நடுவில், கழுத்து வளைவில், அக்குள் வளைவில் விழும் துண்டுகள் வீண்தான். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சைஸ்களைக் கலந்து மார்க்கர் போட்டால் இடைவெளி குறையும். குழந்தைகள் உடை என்றால் சின்னச் சின்ன பாகங்கள் சந்துபொந்துகளில் உட்கார்ந்துவிடும். கோடு போட்ட துணி வந்தால் மாஸ்டருக்குத் தலைவலி. இரண்டு பக்கமும் கோடு ஒரே நேரில் சேர வேண்டும் என்பதால் சேதாரம் ஏறும். விரிப்பின் இரண்டு முனையிலும் மிஞ்சும் எண்ட் பிட் தனி. எல்லாம் சேர்த்து விரித்த துணியில் 15 சதவீதம் போகிறது என்றால், ஒரு பீஸுக்கு 170-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். 200 கிராம்.

ரிஜெக்ட். ஓட்டை, எண்ணெய்க் கறை, பிரிண்ட் பிசகல் என்று 3 சதவீத பீஸ்கள் கழிந்தால், 10,000 அனுப்ப 10,309 வெட்ட வேண்டும். 200 கிராம் வீதம் சுமார் 2,062 கிலோ சாயமிட்ட துணி.

டையிங். இந்த இடத்தில் எடை தண்ணீரோடு போகிறது. பஞ்சில் இயற்கையாகவே மெழுகு, பெக்டின் போன்ற சமாச்சாரங்கள் இருக்கின்றன. சாயம் ஏறுவதற்காக அவற்றை வேதிப்பொருள் போட்டு வெளுத்து எடுக்கிறார்கள். என்சைம் வாஷ் கொடுத்தால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளும் போய்விடும். கறுப்பு, நேவி போன்ற அடர் நிறங்களில் சாயத்தின் எடையே துணியில் சேர்ந்து இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டும். வெள்ளைத் துணிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆக, ஒரே துணி, ஒரே டையிங், ஆனால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வெவ்வேறு சேதாரம். சராசரியாக 8 சதவீதம் என்றால், 2,062-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 2,241 கிலோ கிரே துணி.

நிட்டிங்கில் 1.5 சதவீதம். பஞ்சுத் தூசி, கோனில் மிஞ்சும் நூல், மெஷின் செட்டிங்கில் ஓடும் முதல் சில மீட்டர். 2,241-ஐ 0.985-ஆல் வகுத்தால் 2,275 கிலோ நூல்.

1,700 கிலோ சட்டைக்கு 2,275 கிலோ நூல். ஒரு கிலோ ஏற்றுமதிக்கு 1.338 கிலோ.

கூட்டினால் மாட்டுவீர்கள்

இந்தக் கணக்கைப் பலர் போடும் விதமே வேறு. 15, 3, 8, 1.5 எல்லாவற்றையும் கூட்டினால் 27.5. சரி, 1,700 கிலோவோடு 27.5 சதவீதத்தைச் சேர்த்துவிடுவோம் என்று 2,167.5 கிலோ என எழுதிவிடுவார்கள். மேலே வந்த எண்ணைவிட சுமார் 108 கிலோ குறைவு. 470-க்கும் மேற்பட்ட டி-ஷர்ட்டுக்கான நூல் அது. கிலோ 300 ரூபாய் என்றே வைத்தாலும் 32,000 ரூபாய்க்கு மேல் கையைக் கடிக்கும்.

இரண்டு தப்பு இதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. முதலாவது, சேதாரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நடப்பவை. டையிங்கில் போகும் 8 சதவீதம், பிறகு கட்டிங்கில் வீணாகப்போகும் துணிக்கும் சேர்த்துத்தான் போகிறது. அதனால் கூட்ட முடியாது, ஒவ்வொரு கட்டத்திலும் வகுத்துக்கொண்டே போக வேண்டும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. 'சதவீதம்' என்றால் எதில் சதவீதம்? உள்ளே போட்டதிலா, வெளியே வந்ததிலா? 10 சதவீதம் வீணாகும் வேலைக்கு 100 கிலோ வெளியே வர வேண்டுமென்றால், 110 கிலோ போட்டால் போதாது. 110-இல் 10 சதவீதம் போனால் 99-தான் மிஞ்சும். 111.11 கிலோ போட வேண்டும். மேலே பார்த்த டி-ஷர்ட் கணக்கையே எடுத்துக்கொண்டால், மொத்த இழப்பு 575 கிலோ. போட்ட நூலில் அது 25.3 சதவீதம். வந்த சட்டையில் 33.8 சதவீதம். இரண்டும் ஒரே உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தில் '25.3' என்று எழுதி, ஆய்வு செய்யும் அதிகாரி அதை ஏற்றுமதி எடையின் மேல் போட்டுப் பார்த்தால், 145 கிலோ நூல் 'அதிகமாக' இறக்குமதி ஆனதாகத் தெரியும்.

சீனா இதில் குழப்பமே வேண்டாம் என்று சூத்திரத்தையே விதியில் எழுதிவிட்டது. அங்கே ஏற்றுமதிப் பதப்படுத்தல் என்பது தனி உலகம். 1978-இல் டோங்குவானின் ஹூமன் பகுதியில் தைப்பிங் கைப்பை ஆலை தொடங்கியபோது, மூலப்பொருள் ஹாங்காங்கில் இருந்து வந்தது, பைகள் திரும்ப அங்கேயே போயின. பிறகு பேர்ல் நதி டெல்டா முழுக்கவே இந்த மாதிரியில்தான் வளர்ந்தது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் சுங்கத் துறையிடம் ஒரு கையேடு திறக்க வேண்டும். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கடைசியில் அதை நேர் செய்து மூட வேண்டும். ஒரு பீஸுக்கான மொத்த நுகர்வு என்பது நிகர நுகர்வை, 'ஒன்றில் இருந்து சேதார விகிதத்தைக் கழித்து வரும் எண்'ணால் வகுப்பது. அதாவது சதவீதம் எப்போதும் உள்ளே போட்டதின் மேல்தான்.

இதைவிட சுவாரஸ்யம், எதெல்லாம் சேதாரம் ஆகாது என்ற சீனப் பட்டியல். திடீரென்று கரண்ட் போய் வீணான துணி சேதாரம் இல்லை. தண்ணீர் நின்று டையிங்கில் பாழானதும் இல்லை. காணாமல் போனது, கிழிந்தது இல்லை. இறக்குமதியான பொருளின் தரமோ அளவோ ஒப்பந்தப்படி இல்லாததால் கூடுதலாகச் செலவானதும் இல்லை. வேலையின் இயல்பிலேயே தவிர்க்க முடியாமல் போவது மட்டும்தான் கணக்கு.

கடைசியில் சொன்னது எவ்வளவு பெரிய அடி என்பதற்கு நம் டி-ஷர்ட்டையே பார்க்கலாம். 180 ஜிஎஸ்எம் கேட்ட இடத்தில் துணி 187-ஆக வந்துவிட்டது. 4 சதவீதம்கூட இல்லை. கையில் தொட்டால் வித்தியாசம் தெரியாது, பையரும் வாங்கிக்கொள்வார். ஆனால் ஒரு பீஸுக்கு 200 கிராம் என்பது 207.8 கிராம் ஆகிவிடும். 10,309 பீஸுக்கு 80 கிலோ துணி கூடுதல்.

காற்றில் போன 23 கிலோ

துணி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. பஞ்சு காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். உலர் எடைக்கு 8.5 சதவீதம் ஈரம் என்பது பருத்திக்கு உலகம் ஒத்துக்கொண்ட அளவு. அப்படி எடை போட்டு வாங்கிய 1,000 கிலோ நூல், வறண்ட வெயிலில் குடோனில் கிடந்து ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கினால், 977 கிலோ காட்டும். ஒரு நூல்கூட யாரும் எடுக்கவில்லை. 23 கிலோ காற்றில் போயிருக்கிறது. மழைக்காலத்தில் தானாகத் திரும்பியும் வரும்.

ஜாப் ஒர்க்கில் தினம் தினம் சண்டை வருவது இதில்தான். திருப்பூரில் ஒரே கூரைக்குக் கீழ் எல்லா வேலையும் நடப்பது குறைவு. நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போகும், அங்கிருந்து டையிங், அப்புறம் காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஊரைச் சுற்றி வரும். ஒவ்வொரு வாசலிலும் டெலிவரி சலானில் எடை எழுதப்படும். பேசிய சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஜாப் ஒர்க் செய்தவருக்கு டெபிட் நோட். கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூலி என்று ஓட்டும் சின்ன யூனிட்டுக்கு, குறைந்த 10 கிலோ துணியின் விலையைக் கூலியில் பிடித்தால் அந்த லாட்டில் மிஞ்சுவது ஒன்றுமே இருக்காது. மேலே சுங்கத் துறைக்கும் ஏற்றுமதியாளருக்கும் நடக்கும் அதே வாக்குவாதம், கீழே சலான் புத்தகத்தில் குட்டி வடிவில் நடக்கிறது. அங்கே கமிட்டி எல்லாம் கிடையாது. ஆர்டர் கொடுப்பவர் சொல்வதுதான் சேதாரம்.

இந்தியாவில் யார் முடிவு செய்கிறார்கள்?

டிஜிஎஃப்டியிடம் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. பெயர் 'சியான்'. ஒரு யூனிட் ஏற்றுமதிப் பொருளுக்கு என்னென்ன மூலப்பொருள், எவ்வளவு என்று ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஜவுளி 'ஜே' பிரிவில் வரும். பொறியியல் பொருள்கள் 'சி' பிரிவில். நம் பொருள் அட்டவணையில் இருந்தால் அந்த அளவுக்கு அனுமதி கிடைக்கும், வேலை சுலபம்.

சுலபம் என்றாலும் முழுக்க சுலபம் இல்லை. அட்டவணை 1.4 கிலோ தருகிறது, ஆனால் உங்கள் ஆலையில் உண்மையில் 1.3 தான் ஆனது என்றால், மிச்சம் 0.1 உங்களுக்கு போனஸ் கிடையாது. உண்மையில் பயன்படுத்தியதைத்தான் ஷிப்பிங் பில்லில் காட்ட வேண்டும். அட்டவணை என்பது உச்ச வரம்பு மாதிரி. இதைத் தெரியாமல் அட்டவணை எண்ணை அப்படியே காப்பி அடித்து எல்லா ஷிப்பிங் பில்லிலும் போட்டுவிட்டு, பிறகு ஆலையின் உற்பத்திப் பதிவேடு வேறு கதை சொல்லும்போது முழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அட்டவணையில் இல்லாத பொருளாக இருந்தால்? அப்போது ஏற்றுமதியாளரே தன் கணக்கைச் சொல்லி, தன் பொறுப்பில் அனுமதி வாங்கலாம். ஆனால், நார்ம்ஸ் கமிட்டி பின்னால் என்ன அளவு நிர்ணயிக்கிறதோ அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு மாதிரிதான் தெரியும். நடைமுறையில் இது ஒரு பெரிய ரிஸ்க். பையர் சொன்ன வெளிநாட்டு ஆலையில் இருந்து ஸ்போர்ட்ஸ் துணியை வரவழைத்து, பீஸுக்கு 200 கிராம், ரிஜெக்டும் சேர்த்து 2,062 கிலோ என்று அனுமதி வாங்கி, தைத்து, அனுப்பி, பணமும் வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு கமிட்டி 'மொத்தம் 1,900 கிலோதான்' என்று முடிவு செய்கிறது. 162 கிலோவுக்கு வரியும், இறக்குமதி செய்த நாளில் இருந்து வட்டியும் கட்டு. அந்தத் துணி இப்போது ஏற்றுமதியாளரிடம் இல்லை. சட்டையாகவும் வேஸ்ட்டாகவும் எப்போதோ போய்விட்டது. பையரிடம் போய் விலையைக் கூட்டிக் கேட்க முடியுமா?

பெரிய நிறுவனங்களுக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. செல்ஃப் ராட்டிஃபிகேஷன் என்ற திட்டத்தில், கமிட்டிக்குப் போகாமல் தாங்களே சொல்லும் அளவு இறுதியாகிவிடும். ஒரு பட்டயப் பொறியாளரின் சான்று போதும். ஆனால் சுங்கத் துறையின் ஏஇஓ சான்றோ, குறிப்பிட்ட நட்சத்திர அந்தஸ்தோ வேண்டும். சந்துக்குள் 40 மெஷின் வைத்து ஓட்டுபவருக்கு அது எட்டாத உயரம். கணக்கில் தப்பு வந்தால் தாங்கும் சக்தி யாருக்குக் குறைவோ, அவர்தான் கமிட்டியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துத்தான் திருப்பூரில் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. உள்ளூர் நூலை வாங்கித் தைத்து, ஏற்றுமதி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வரும் டியூட்டி டிராபேக்கை வாங்கிக்கொள்கிறார்கள். தொகை குறைவாக இருக்கலாம், ஆனால் கிலோ கணக்கு காட்ட வேண்டாம். வெளிநாட்டுப் பஞ்சு வாங்கும் ஸ்பின்னிங் மில்களுக்கு விஷயம் வேறு. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு மொத்தம் 11 சதவீத வரி வந்தது. 2022-இலும் 2025-இலும் சில மாதங்கள் அதை நிறுத்தி வைத்தார்கள். வரி இருக்கும் காலத்தில் அட்வான்ஸ் ஆதரைசேஷன் பொன் மாதிரி, வரி இல்லாத மாதங்களில் வெறும் காகிதம். கோம்ப்டு நூல் என்றால் சீப்பு போட்டு வாரிக் குட்டை இழைகளைக் கழிப்பதால் சேதாரமும் அதிகம். ஆனால் அந்தக் கழிவு வீணாவதில்லை. ஓப்பன் எண்ட் மில்கள் அதை வாங்கி மட்டமான நூலாக ஓட்டுகின்றன. கட்டிங் டேபிளில் விழும் பனியன் வேஸ்ட் மட்டும் சும்மாவா போகிறது? தரம் பிரித்து, நிறம் பிரித்து, மெஷின் துடைக்கும் துணியாகவும், பானிபட் பக்கம் மறுசுழற்சி நூலாகவும் போகிறது. விலை போகும் ஒன்றைச் 'சேதாரம்' என்று சொல்லலாமா என்ற கேள்வியை அதிகாரிகள் கேட்பது அதனால்தான்.

0.5 சதவீதம் கிளப்பிய புயல்

சேதார விகிதம் என்பது ஏதோ கிளார்க் வேலை என்று நினைப்பவர்கள் 2024 மே மாதத்தைப் பார்க்க வேண்டும். கதை மறுபடியும் நகைக்கே வருகிறது.

தங்க நகை ஏற்றுமதிக்கும் அரசு நிர்ணயித்த சேதாரம் உண்டு. கல் பதிக்காத தங்க நகைக்கு அது 2.5 சதவீதமாக இருந்தது. கவனிக்க, இங்கே சதவீதம் ஏற்றுமதியாகும் நகையில் உள்ள தங்கத்தின் மேல். சீனாவின் துணிக் கணக்குக்கு நேர் எதிர். 1,000 கிராம் தங்கம் உள்ள நகையை அனுப்பினால் 1,025 கிராம் வரியின்றி வாங்கலாம்.

2024 மே 27-ஆம் தேதி டிஜிஎஃப்டி ஓர் அறிவிப்பை வெளியிட்டு அதை 0.5 சதவீதமாகக் குறைத்தது. உடனடி அமல். தொழில் ஆடிப்போனது. ஜெம் அண்ட் ஜுவல்லரி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் எதிர்ப்புத் தெரிவிக்க, சில நாட்களிலேயே பழைய அளவு தற்காலிகமாகத் திரும்பி வந்தது. அந்த அவகாசம் மேலும் நீண்டது. கடைசியில் 2025 ஜனவரி 1 முதல் புதிய அளவுகள் அமலாயின.

அரசின் கோணத்தில் யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். இன்று செயின் மெஷின் போட்டு, கம்ப்யூட்டர் டிசைனில் வார்த்து எடுக்கும் ஆலையில் உண்மையான இழப்பு 0.5 சதவீதம்தான் என்றால், 2.5 கொடுக்கும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் 20 கிராம் தங்கம் வரி இல்லாமல் உள்ளூரில் தங்குகிறது. அப்போது தங்கத்துக்கு இறக்குமதி வரி 15 சதவீதம். கிராம் 7,000 ரூபாய் என்று வைத்தால் 20 கிராமுக்கு வரி மட்டும் 21,000 ரூபாய். டன் கணக்கில் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு அது கோடிகள். (2024 ஜூலை பட்ஜெட்டில் வரி 6 சதவீதமாகக் குறைந்தது வேறு கதை.)

பட்டறையின் கோணம் வேறு. கோவையில் கையால் அரம் போட்டு, பொடி வைத்துப் பற்றவைத்து, பாலிஷ் போடும் ஆசாரிக்கு தங்கம் தூளாகத்தான் போகும். தரை, பாய், கை கழுவும் தண்ணீர் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்து உருக்கினாலும் முழுசாகத் திரும்பாது. பட்டறை வாசலில் கூட்டிய மண்ணைக்கூட விலைக்கு வாங்க ஆள் இருப்பது எதனால் என்று யோசித்தால் போதும். 0.5 சதவீதத்தில் கைவேலை நகையை ஏற்றுமதி செய்தால், விதி ஒப்புக்கொள்ளாத ஒவ்வொரு கிராமுக்கும் ஏற்றுமதியாளர் கையில் இருந்து கொடுக்க வேண்டும். அவர் என்ன செய்வார்? ஆர்டரை மெஷினுக்கு மாற்றுவார். அதாவது ஒரு தசமப் புள்ளி நகர்ந்ததில் யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது என்பதும் மாறிவிடும்.

புதிய ஏற்பாட்டில் கையால் செய்த நகைக்கும் மெஷினில் செய்த நகைக்கும் தனித்தனி அளவுகள் வந்திருக்கின்றன. முன்பே செய்திருக்க வேண்டிய பிரிவினை. வெள்ளை டி-ஷர்ட்டுக்கும் கறுப்பு டி-ஷர்ட்டுக்கும் அப்படி ஒன்று இல்லை.

நோட்டீஸ் வருவதற்கு முன்

இந்தக் கணக்கில் வழக்கமாக ஜெயிப்பவர்கள் குறைந்த சேதாரம் காட்டுபவர்கள் அல்ல, எழுதி வைத்தவர்கள். அட்வான்ஸ் ஆதரைசேஷன் வாங்கியவர், 'பின்னிணைப்பு 4எச்' என்ற படிவத்தில் எந்த இறக்குமதி எந்த ஏற்றுமதிக்குச் செலவானது என்ற பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். அதில் பட்டயக் கணக்காளர் கையெழுத்து வேண்டும். அனுமதியை முடித்து மூடிய பிறகும் 3 ஆண்டுகளாவது அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அந்தப் படிவத்தில் ஒரு லாட்டுக்கு ஒரு எண்தான் இருக்கும். அதற்குப் பின்னால் நிற்க வேண்டியவை வேறு. மார்க்கர் பிரிண்ட், ரோல் ரோலாக எழுதிய ஜிஎஸ்எம், டையிங்குக்குப் போன எடை, திரும்பி வந்த எடை, ரிஜெக்ட் பீஸ் எண்ணிக்கை. வேஸ்ட் விற்ற பில் மிக முக்கியம். 300 கிலோ கட்டிங் வேஸ்ட் விழுந்ததாகப் பதிவேடு சொல்லி, 120 கிலோவுக்கு மட்டும் விற்ற பில் இருந்தால், மீதி 180 கிலோவைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.

இறக்குமதித் துணியையும் உள்ளூர்த் துணியையும் ஒரே டேபிளில் வெட்டி, ஒரே சாக்கில் வேஸ்ட்டைக் கட்டினால் அதற்குப் பிறகு எந்த ஆடிட்டராலும் பிரிக்க முடியாது. அதனால் சில கட்டிங் செக்‌ஷன்களில் இரண்டு சாக்கு. ஒன்றின் மேல் மார்க்கர் பேனாவில் ஆதரைசேஷன் நம்பர். நாள் முடிவில் தராசில் வைத்து எழுதிவிட்டுத்தான் வேஸ்ட் வண்டிக்கு ஏற்றுகிறார்கள்.